மாமாவின் ஸ்பெக்ட்ரம்: சுவிச் போட முன்

நீங்கள் கேட்டது இது: திருகோணமலை உவர்மலைப் பழைய வீட்டு அலுமாரியில், 1986 இல் மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்த சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம் 48கே என்ற வீட்டுக் கொம்பியூட்டர் ஒன்று கிடக்கிறது. கூடவே இரண்டு கசெற். ஒன்று சையொன் நிறுவனத்தின் 'பிளைற் சிமுலேசன்', மற்றது 'ரொமஹோக்', இரண்டும் பறக்கும் விளையாட்டுகள். சின்ன வயதில் அதிலே சீனக்குடா ஓடுபாதையில் இறங்கிய ஞாபகம் இருக்கிறது. இப்போது கரண்ட் கொடுத்தால் அதைத் திரும்பப் பார்க்கலாமா? பார்வைக்கு ஒரு கேள்விதான். ஆனால் கசெற்றில் பதிந்தது மிஞ்சியிருக்கிறதா, பெட்டிக்கு உயிர் இருக்கிறதா, அன்று நீங்கள் கண்டது உண்மையில் எந்த இடம் என்று மூன்று கேள்விகள் அதற்குள் கிடக்கின்றன. மூன்றுக்கும் தனித்தனியாகத்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒன்று: இன்றைக்கு சுவிச்சைப் போடாதீர்கள்.

கசெற்றிலிருந்து தொடங்குங்கள். பெட்டி பழுதானால் திருத்தலாம், முடியாவிட்டால் வேறொன்று தேடி வாங்கலாம். நாடா கெட்டால் கெட்டதுதான். கடையில் விற்ற அந்த இரண்டு நிரல்களும் ஏராளமாக விற்பனையானவை, பழைய மென்பொருள் சேகரிப்பாளர்கள் அவற்றைக் கோப்பாக மாற்றிப் பாதுகாத்தும் இருக்கிறார்கள். ஆகவே அவை போனாலும் பெரிய இழப்பில்லை. ஆனால் மாமாவின் கையெழுத்தில் பெயர் எழுதிய வெற்றுக் கசெற் ஏதாவது அலுமாரியில் இருந்தால் அதுதான் பெறுமதியானது. அதற்குள் அவர் தானே பேசிக் என்ற கொம்பியூட்டர் மொழியில் தட்டிய நிரல் இருக்கலாம், அதற்கு உலகத்தில் வேறு பிரதி இல்லை. அதை முதல் நாளே எடுத்து ஓட்டிப் பார்க்காமல், கடைக் கசெற்றில் கை பழகிய பிறகு அதற்கு வாருங்கள்.

கசெற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, சின்ன ஜன்னலால் சுருளின் பக்கவாட்டைப் பாருங்கள். கபில நிறத்தில் மழமழவென்று இருந்தால் நல்லது. மாவு தூவியது போல வெள்ளையாகத் தெரிந்தால் பூஞ்சணம். கார்த்திகை, மார்கழி வாடைக்காற்றின் ஈரத்தில் பூட்டிக் கிடந்த அலுமாரிக்குள் இது வருவது சாதாரணம். பூஞ்சணம் பிடித்த நாடாவை நல்ல ரெக்கோடரில் ஓட்டினால் அடுத்துப் போடும் கசெற்றுக்கும் அது போய்ச் சேரும். அதற்கென்று ஒரு பழைய ரெக்கோடரை ஒதுக்குங்கள், தூள் மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள். பிறகு கீழ்ப்பக்கத் திறப்பைப் பாருங்கள். நாடாவுக்குப் பின்னால் மெல்லிய செப்புத் தகட்டில் ஒட்டிய சின்னக் கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். நாடாவை, அதை வாசிக்கும் ரெக்கோடர்த் தலையோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் கூர்மையான ஒலியெல்லாம் மங்கிவிடும். பாட்டு என்றால் காது பொறுத்துக்கொள்ளும், கொம்பியூட்டர் பொறுக்காது. ஓடு ஸ்குறூ போட்டதென்றால் வேலை முடிந்த பாட்டுக் கசெற் ஒன்றின் ஓட்டுக்குள் சுருள்களை இடம் மாற்றிவிடலாம். ஒட்டி மூடிய ஓடு என்றால் விளிம்பில் மெல்லிய கத்தி விட்டுத் திறக்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். எதுவானாலும், மோட்டரில் போட முன் அறுகோணப் பென்சிலைக் கசெற் சக்கரத்தின் பல்லுக்குள் கொடுத்துக் கையால் ஒரு முறை முழுக்கச் சுற்றுங்கள். எங்கே இறுகுகிறது, எங்கே நாடா ஒட்டியிருக்கிறது என்று விரலே சொல்லும்.

ரெக்கோடர் விஷயத்தில் விலை கூடியது நல்லது என்ற கணக்கு இங்கே சரிவராது. ஒற்றை ஸ்பீக்கர் உள்ள சாதாரண மோனோ ரெக்கோடர் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தம். தலையை ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டில் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும், அது தலையில் படலமாக நின்றுவிடும், லேபிளை வாசித்து வாங்குங்கள். ரப்பர் உருளைக்கு அல்ககோல் வேண்டாம், சவர்க்காரம் தொட்ட ஈரத்துணி போதும். உள்ளே இருக்கும் ரப்பர் பட்டி தளர்ந்திருந்தால் வேகம் ஏறி இறங்கும். தெரிந்த பாட்டுக் கசெற் ஒன்றைப் போட்டு நாதஸ்வரமோ வயலினோ இழுத்துப் பிடிக்கும் சுரம் ஆடுகிறதா என்று கேளுங்கள். ஆடினால் முதலில் பட்டியை மாற்ற வேண்டும்.

அடுத்தது தலையின் சாய்வு. பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் இதுதான், ஆனால் பலர் கவனிப்பதில்லை. தலையின் இரு பக்கமும் சின்ன ஸ்குறூக்கள் இருக்கும். அவற்றில் ஒன்றின் கீழ் ஸ்பிரிங் இருக்கும், பிளே அழுத்தியிருக்கும்போது பல ரெக்கோடர்களில் ஒரு துளைக்கு நேரே வந்து நிற்பதும் அதுதான். கசெற்றை ஓடவிட்டு, மெல்லிய ஸ்குறூட்றைவரால் அதை எட்டில் ஒரு பங்கு சுற்று இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்புங்கள். சத்தம் எங்கே மிகக் கூர்மையாகக் காதைக் குத்துகிறதோ அங்கே நிறுத்துங்கள். பழைய இடத்தை முதலே பேனாவால் குறித்துவைக்க மறக்க வேண்டாம். ஸ்ரீரியோ ரெக்கோடர்தான் கைவசம் என்றால் இரண்டு பக்கத்தையும் கலக்காமல் ஒரு பக்கத்தை மட்டும் எடுங்கள். சாய்வு கொஞ்சம் பிசகியிருந்தாலும் இரண்டு பக்கமும் நேரம் தப்பி வரும், கலக்கும்போது கூர்மையான ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். இரைச்சல் குறைக்கும் டொல்பி இருந்தால் நிறுத்துங்கள்.

மடிக்கணினியில் பதியும்போது 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், மோனோ, வேவ் கோப்பு. எம்பி3 வேண்டாம், அது மனிதக் காதுக்குத் தேவையில்லாததை வெட்டி எறியும் முறை, இங்கே கேட்கப்போவது மனிதக் காது அல்ல. அலையின் உச்சி முழு அளவின் பாதியைக் கொஞ்சம் தாண்டினால் போதும், தட்டையாக வெட்டுப்படக் கூடாது. விண்டோஸ் தானாகச் செய்யும் இரைச்சல் நீக்கம், ஒலி சமப்படுத்தல் இரண்டையும் நிறுத்துங்கள். கசெற்றில் பதிந்திருக்கும் கரகரப்பையே இரைச்சல் என்று நினைத்து அது துடைத்துவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை பதியுங்கள். இரண்டாம் தடவை சரியாக வரும் இடம் முதல் தடவையில் கெட்டிருக்கலாம்.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்றால், ஸ்பெக்ட்ரம் கசெற்றில் எழுதும் முறை அப்படி. முதலில் இழுத்த ஒரு சுரம், சுமார் 807 ஹேர்ட்ஸ். தலைப்புக்கு முன் 5 நொடி, தரவுக்கு முன் 2 நொடி. திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் ஆறுதலாக ஊர்வது அப்போதுதான். பிறகு கரகரப்பு தொடங்கும், பட்டைகள் நீலமும் மஞ்சளுமாகித் துடிக்கும். 0 என்ற பிட்டுக்குக் குறுகிய அலை, 1 என்றால் அதன் இரு மடங்கு நீளம். இரண்டும் சரிபாதி வந்தால் நொடிக்கு 1,360 பிட் அளவில் ஏறும். 40,000 பைட் நிரலுக்கு ஏறக்குறைய 4 நிமிடம். அந்த 4 நிமிடத்துக்கும் காவல் கடைசியில் வரும் ஒரே ஒரு பைட்தான். நடுவில் ஒரு பிட் பிசகினாலும் கடைசிவரை ஏற்றிவிட்டுத்தான் 'ரேப் லோடிங் எரர்' என்று சொல்லும். எந்த இடத்தில் பிசகியது என்று சொல்லாது. மாமா அன்று கசெற்றைத் திருப்பித் திருப்பிப் போட்டுச் சலித்திருந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

பதிந்த வேவ் கோப்பை 'மேக் டீஇசட்எக்ஸ்' போன்ற கருவியால் டீஇசட்எக்ஸ் என்ற கசெற் கோப்பாக மாற்றி, மடிக்கணினியை ஸ்பெக்ட்ரம் போல நடிக்கவைக்கும் ஃபியூஸ் என்ற இலவச எமுலேற்றரில் திறந்து பாருங்கள். அது ஓடினால் உங்கள் கசெற் நல்லது என்று நிச்சயமாகச் சொல்லலாம், பெட்டியைத் தொடாமலே. பிறகு பெட்டியில் ஏற்றும்போது தவறு வந்தாலும், குற்றம் கசெற்றிலா பெட்டியிலா என்று அலைய வேண்டி வராது. கசெற் வேண்டவே வேண்டாம் என்றாலும், அந்தக் கோப்பைத் திரும்ப ஒலியாக்கி, கைத்தொலைபேசியின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்பெக்ட்ரத்தின் இயர் துளைக்கு 3.5 மில்லிமீற்றர் வயரால் கொடுக்கலாம். தொலைபேசியை முழுச் சத்தத்துக்குக் கிட்ட வையுங்கள், நடுவில் அழைப்பு வராமல் விமானப் பயன்முறையில் போடுங்கள். விமான விளையாட்டுக்கு விமானப் பயன்முறை, பொருத்தம்தான்.

இனிப் பெட்டி. ஸ்பெக்ட்ரத்துக்கு சுவிச்சே கிடையாது, பிளக்கைச் செருகினால் உயிர், இழுத்தால் இல்லை. லண்டனிலிருந்து வந்த மின்வழங்கியின் 13 அம்பியர் சதுர முள் பிளக் நம் வீட்டுச் சுவரிலும் பொருந்தும், 230 வோல்ற்றும் அதற்குப் பிரச்சினை இல்லை. பிளக்கைத் திறந்து உள்ளே 3 அம்பியர் பியூஸ்தான் இருக்கிறதா என்று பாருங்கள். 13 அம்பியர் போட்டிருந்தால் மாற்றுங்கள். மின்வழங்கியில் 9 வோல்ற், 1.4 அம்பியர் என்று எழுதியிருக்கும். சும்மா மல்ரிமீற்றரால் அளந்தால் 12, 13 என்று காட்டும், பயப்பட வேண்டாம். அது சீராக்காத வகை, சுமை இல்லாதபோது அப்படித்தான் ஏறி நிற்கும். வயரின் உறை வெடித்திருந்தாலோ, அரை மணி நேரம் தனியே போட்டு வைத்ததும் எரிந்த வாசம் வந்தாலோ அதைத் தூக்கிப் போடுங்கள். புதிதாக வாங்குவதென்றால் சீராக்கிய 9 வோல்ற், 1.5 முதல் 2 அம்பியர் வரை உள்ளது நல்லது, பெட்டிக்குள் வோல்ற்றைச் சீராக்கும் ரெகுலேற்றரும் குளிர்ச்சியாக ஓடும்.

இங்கேதான் பலர் பெட்டியைக் கொன்றுவிடுகிறார்கள்: ஸ்பெக்ட்ரத்தின் பிளக்கில் நடு முனை எதிர், வெளி வளையம் நேர். இன்று கடையில் தூக்கித் தரும் 9 வோல்ற் அடப்டர்களில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறு. முனை பொருந்துகிறது என்பதால் மட்டும் செருகிவிடாதீர்கள். அடப்டரில் வட்டம் போட்ட அடையாளத்தைப் பாருங்கள், அதையும் நம்பாமல் மீற்றரால் அளந்து உறுதிசெய்யுங்கள். கிற்றார் பெடலுக்கு விற்கும் அடப்டர்கள் பெரும்பாலும் நடு எதிர்தான், ஆனால் அவற்றில் பல சில நூறு மில்லி அம்பியர் மட்டுமே தருபவை, தாங்காது.

பெட்டியைத் திறக்கும்போது அடியில் உள்ள ஸ்குறூக்களைக் கழற்றி, மேல் மூடியை மெதுவாகக் கொஞ்சம் மட்டும் தூக்குங்கள். விசைப்பலகையிலிருந்து இரண்டு மெல்லிய பிளாஸ்ரிக் வால்கள் பலகைக்குப் போகும். இந்த வயதில் அவை உலர்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும், மடிக்காமல் நேரே மேல்நோக்கி இழுங்கள். நுனி வெடித்திருந்தால் வரிசையாகச் சில எழுத்துகள் வேலை செய்யாது. அதைச் சோல்டர் வைத்து ஒட்ட முடியாது, நல்ல வேளையாகப் புதிய சவ்வுகளை இன்றும் செய்து விற்கிறார்கள். உப்புக்காற்று தன் வேலையை முதலில் காட்டுவது பின்பக்க விளிம்புத் தொடுப்பில். அங்கே கறளோ பச்சைப் பூச்சோ தெரிந்தால் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, அல்ககோலால் துடையுங்கள். மின்பகு கொள்ளளவிகளை (கப்பாசிற்றர்களை) நாற்பது வருடத்துக்குப் பிறகு மாற்றிவிடுவதே புத்தி. மாற்ற முன் ஒவ்வொன்றையும் படம் எடுங்கள், நேர் எதிர் திசை பிசகினால் புதியதும் வெடிக்கும். அதே மைக்ரோபராட், அதே வோல்ற் அல்லது அதைவிடக் கூட.

இந்தப் பலகையில் மூன்று வோல்ற்றுகள் இருக்க வேண்டும். 7805 ரெகுலேற்றரிலிருந்து 5. அதைத் தவிர, கீழ் நினைவகத்தின் (முதல் 16கே) எட்டு 4116 சிப்புகளுக்கு 12 வோல்ற்றும் மைனஸ் 5 வோல்ற்றும் வேண்டும், அவற்றைப் பலகையிலேயே ஒரு சின்னச் சுருளும் இரண்டு திரான்சிஸ்டர்களும் உண்டாக்குகின்றன. ஏதாவது ஒரு 4116 சிப்பின் கால்களில் அளக்கலாம்: 1 ஆவது காலில் மைனஸ் 5, 8 இல் 12, 9 இல் 5, 16 நிலம். மீற்றரின் கறுப்பு முனையை நிலத்தில் கவ்விவிட்டு, ஒரு கையால் மட்டும் அளந்து பாருங்கள், முனை சறுக்கி இரண்டு கால்களைத் தொட்டால் சிப் போய்விடும். மைனஸ் 5 இல்லை என்றால் அடுத்த நொடியே பிளக்கை இழுங்கள். அது இல்லாமல் 12 வோல்ற் மட்டும் நின்றால் அந்த எட்டுச் சிப்புகளும் ஒவ்வொன்றாகச் சாகும். அந்த வோல்ற்றுகளை உண்டாக்கும் திரான்சிஸ்டர் எரிவதற்கு வழக்கமான காரணம், கரண்ட் ஓடும்போது பின்பக்கம் ஜோய்ஸ்ரிக் இணைப்பைச் செருகுவது, இழுப்பது. சிறுவர்கள் இருந்த வீட்டில் இது நடந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

எல்லாம் சரி என்றால் திரை ஒரு கணம் கறுத்து, பிறகு வெளுத்து, அடியில் 1982 சின்கிளேயர் ரிசேர்ச் என்ற வரி வரும். நிறச் சதுரங்களோ நிமிர்ந்த கோடுகளோ வந்து அப்படியே உறைந்தால் கீழ் நினைவகத்தையும் மேலே சொன்ன மூன்று வோல்ற்றையும் சந்தேகியுங்கள். படத்தைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது குறி சொல்வது போலாகும், திரையையும் பலகையையும் படம் எடுத்துப் போட்டால் கூடச் சொல்லலாம். வரி வந்துவிட்டால் உடனே கசெற்றுக்கு ஓடாமல், பிரின்ற் பீக் 23732 + 256 * பீக் 23733 என்று கொடுத்துப் பாருங்கள். 65535 வந்தால் 48கே முழுதும் இருக்கிறது. 32767 வந்தால் மேல் நினைவகம் செத்திருக்கிறது அல்லது பெட்டி உண்மையில் 16கே. அப்படியென்றால் உங்கள் இரண்டு கசெற்றும் ஏறாது, எத்தனை தடவை தலையைச் சாய்த்தாலும்.

ரிவியில் யூஎச்எவ் 36 ஆம் அலைவரிசை, 591 மெகாஹேர்ட்ஸ் பக்கம் தேடுங்கள். அன்ரனாத் துளையும் அனலொக் தேடலும் உள்ள ரிவியாக இருக்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து ரிவியோ வீடியோ டெக்கோ கொண்டுவந்தவர்களுக்குப் படம் வந்தும் சத்தம் வராத தொல்லை தெரிந்திருக்கும், அங்கே படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 6 மெகாஹேர்ட்ஸ், இங்கே 5.5. ஸ்பெக்ட்ரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அது சத்தத்தை ரிவிக்கு அனுப்புவதே இல்லை, பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்தான் கீச்சிடும். படம் மணல் கொட்டியது போல இருந்தால், அலைபரப்பும் வெள்ளித் தகரப் பெட்டியைத் திறந்து, துளையின் நடு முனைக்குப் போகும் பழைய தடையியைக் கழற்றி, வீடியோ வயரை ஒரு 100 மைக்ரோபராட் கொள்ளளவி வழியே அதே துளைக்குக் கொடுங்கள். கொள்ளளவியின் நேர் முனை பலகைப் பக்கம். பிறகு ரிவியின் மஞ்சள் வீடியோ துளையில் செருகலாம். சில புதிய எல்ஈடி ரிவிகள் இதையும் மறுக்கும். ஸ்பெக்ட்ரம் நொடிக்கு 50.08 தடவை, தடவைக்கு 312 கோடுகள் என்று ஒளிபரப்புக் கணக்குக்குச் சற்று விலகி அனுப்புகிறது. பழைய கண்ணாடிக் குழாய் ரிவி அதைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்ளும், புதியது சட்டம் பேசும். வீட்டில் குழாய் ரிவி ஒன்று மிஞ்சியிருந்தால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ரொமஹோக் கசெற் பெட்டிக்குள் மடிக்கும் சின்னப் பிளாஸ்ரிக் கண்ணாடி ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். அது குப்பை அல்ல, லென்ஸ்லொக் என்ற திருட்டுத் தடுப்பு. நிரல் ஏறியதும் திரையில் சிதறிய கோடுகளாக இரண்டு எழுத்து காட்டும், அந்தக் கண்ணாடியைத் திரையில் ஒட்டிப் பார்த்தால் எழுத்து கூடும். மூன்று முறை பிழைத்தால் நிரல் அழிந்துவிடும், மீண்டும் கசெற்றிலிருந்து ஏற்ற வேண்டும். முதலில் திரையில் வரும் அடையாளத்தின் அகலத்தைக் கண்ணாடியின் அகலத்துக்குச் சரிசெய்யச் சொல்லும். இது அந்தக் காலத்துச் சின்னத் திரைகளை மனதில் வைத்துச் செய்தது, 43 அங்குல ரிவியில் எவ்வளவு சுருக்கினாலும் பொருந்தாது. எமுலேற்றரில் ஜன்னலைச் சின்னதாக்கினால் வேலை செய்யும்.

இனி மூன்றாம் கேள்வி. நேரே சொல்லிவிடுகிறேன்: அந்த இரண்டு கசெற்றிலும் சீனக்குடா இல்லை. ரொமஹோக் அப்பாச்சி என்ற போர் ஹெலிகொப்ரர். சையொன் 1982 இல் வெளியிட்ட பிளைற் சிமுலேசனில் இருப்பது கற்பனை நிலம்: ஓடுபாதை, வழிகாட்டும் வானொலிக் கம்பங்கள், ஏரி, மலை. இடப்பெயரோடு பறப்பது வேறு கிளையில் வந்தது. ப்ரூஸ் ஆர்ட்விக்கின் சப்லொஜிக் நிறுவனம் ஆப்பிள் கொம்பியூட்டருக்குச் செய்தது முதல் படி. அவருடைய நிரல்தான் 1982 நவம்பரில் மைக்ரோசொவ்ற் பெயரில் ஐபிஎம் கணினிக்கு வந்தது. அதில் விமானம் காத்து நிற்பது சிகாகோ ஏரிக்கரையின் மெய்க்ஸ் ஓடுபாதையில். அந்த ஓடுபாதையை 2003 மார்ச் 30 இரவு மேயரின் உத்தரவில் இயந்திரம் விட்டுக் கிளறிவிட்டார்கள், இப்போது அது பூங்கா. நிரலில் மட்டும் இன்னும் ஓடுபாதை.

ஆனால் உங்கள் ஞாபகம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். உவர்மலையில் வளர்ந்த பிள்ளைக்கு நீர், மலை, ஓடுபாதை மூன்றும் ஒரே திரையில் வந்தால் அது உட்துறைமுகமும் சீனக்குடாவும்தானே. திரையில் இருந்தது சில கோடுகளும் புள்ளிகளும் மட்டும், மிச்சத்தை யாராவது நிரப்பத்தான் வேண்டியிருந்தது. ஏன் அவ்வளவு கொஞ்சம் கோடுகள் என்றால், அந்த இசட்-80 சிப்புக்குப் பெருக்கத் தெரியாது. கூட்டவும் நகர்த்தவும் மட்டும் தெரியும், பெருக்கலை அதைக்கொண்டு ஒப்பேற்ற வேண்டும். 16 பிட் பெருக்கல் ஒன்றுக்கு ஆயிரம் துடிப்பு அளவில் போகும் என்று வையுங்கள், சிப் நொடிக்குத் துடிப்பது 35 லட்சம். விமானம் சாயும்போது நிலத்தின் ஒவ்வொரு புள்ளியையும் திருப்ப ஒன்பது பெருக்கல், அதைத் தூரத்துக்கு ஏற்பச் சிறிதாக்க இரண்டு வகுத்தல். சீனக்குடாவை இந்த முறையில் வரைவதென்றால் ஓடுபாதைக்கு 4 புள்ளி, உட்துறைமுகக் கரைக்கு 10, சுவாமி மலைக்கு 3, கொட்டியார விரிகுடாவுக்கு ஒரு 5 என்று 22 புள்ளி. பெருக்கலுக்கு மட்டும் நொடியில் ஏறக்குறையப் பதினெட்டில் ஒரு பங்கு போய்விடும், கோடு இழுப்பதும் வானத்துக்கும் நிலத்துக்கும் நிறம் பூசுவதும் கருவிகளைப் புதுப்பிப்பதும் அதற்கு மேல். சைன், கோசைன் மதிப்புகளை முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்துத்தான் நொடிக்குச் சில படங்களாவது காட்டினார்கள். நிறத்திலும் கஞ்சத்தனம்: 8 க்கு 8 புள்ளிச் சதுரம் ஒன்றுக்கு இரண்டு நிறம் மட்டும். அதனால்தான் தொடுவானம் சாயும்போது ஓரங்களில் நிறம் படிக்கட்டுப் போலக் கடிபடும்.

ஆகவே இப்போது போட்டுப் பார்த்தால் வெளிக்காட்சி ஏமாற்றும் என்பது நிச்சயம். கருவிப் பலகை ஏமாற்றாது. வேகம், உயரம், ஏறும் இறங்கும் வீதம், திசை என்று உண்மை விமானத்தில் பார்க்கும் எண்களே அதிலும் இருக்கின்றன, சீனக்குடா விமானப்படைத் தளத்தில் பயிலும் மாணவரும் அவற்றைத்தான் மாறி மாறிப் பார்க்க வேண்டும். அன்று மாமா ஜன்னலைப் பார்த்து ஓட்டியிருக்க முடியாது, எண்ணைப் பார்த்துத்தான் ஓட்டியிருப்பார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தரையிறங்கும் சரிவு 3 பாகை என்றால் ஒரு கடல் மைலுக்கு ஏறக்குறைய 318 அடி இறங்க வேண்டும். 3 கடல் மைல் தூரத்தில் 950 அடி உயரம் சரி. இறங்கும் வீதத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு: நொட் கணக்கில் வேகத்தை ஐந்தால் பெருக்குங்கள், நிமிடத்துக்கு எத்தனை அடி என்று வரும். 80 நொட் என்றால் 400 அடி, 100 என்றால் 500. முள் அதற்கு மேல் போனால் விசையை அழுத்திப் பிடிக்காமல் ஒரு தட்டு மட்டும் தட்டிக் காத்திருங்கள். நொடிக்கு மூன்று படம் காட்டும் திரையில் நீங்கள் பார்ப்பது எப்போதும் பழைய நிலை, போதாதென்று இன்னொரு தட்டுத் தட்டினால் மூக்கு மேலே போகும், அதைத் திருத்தப் போய்க் கீழே போகும், மூன்றாம் ஊசலில் நிலத்தில் குத்தும். பெரும்பாலான விபத்துகள் இப்படித்தான்.

பிளைற் சிமுலேசன் ஏறியதும் புறப்படுவதா, நடுவானமா, கடைசி இறக்கமா என்று கேட்கும், காற்று வேண்டுமா என்றும் கேட்கும். கடைசி இறக்கத்தையும் காற்றில்லாததையும் தெரிவுசெய்து தொடங்குங்கள். நேரே முன்னால் ஓடுபாதை இருக்கும், கையைச் சும்மா வைத்துக்கொண்டு முதல் அரை நிமிடம் முட்கள் எப்படி நகர்கின்றன என்று மட்டும் பாருங்கள். வேகத்தை எந்திர விசையாலும் உயரத்தை மூக்காலும் பிடிக்கலாம் என்று தோன்றும். இறக்கத்தில் இதை மாற்றிப் பிடியுங்கள்: மூக்கால் வேகம், எந்திரத்தால் இறங்கும் வீதம். மூன்று தடவை உடையாமல் இறங்கிய பிறகு காற்றுக் கேள்விக்கு 'ஆம்' கொடுக்கலாம்.